சிரிப்பு யார் பக்கம்?

"வயிறு காய்கிறது, கூலி போதவில்லை. இந்த நேரத்தில் கேலியும் கிண்டலும் எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கோபப்பட வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டால் கோபம் ஆறிப்போகுமே என்று அவர்கள் அஞ்சுகிறார்கள்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மானேஜர் நடப்பது போல மில் வாசலில் நடந்து காட்டுகிற தொழிலாளியை மேலிடத்தார் ஏன் பொறுத்துக்கொள்வதில்லை? பண்ணையாரின் தாராள மனதை நடவு வயலில் 'புகழ்ந்து' பாடுகிற பெண்ணைக் கண்டால் காரியக்காரருக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது? மனுக் கொடுத்தால் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்கிறவர்கள், கேலி செய்தால் மட்டும் ஏன் கொதிக்கிறார்கள்?

நாம் பயப்படும் வரைதான் அவர்கள் அதிகாரம் செல்லும். சிரித்தவன் பயத்தை விட்டவன். இது அவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் கேலி ஒன்றே போதுமா? போதாது. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு அயர்லாந்து நாட்டு வரலாறு நல்ல பாடம்.

சுமார் முந்நூறு வருஷங்களுக்கு முன் அயர்லாந்து இங்கிலாந்தின் பிடியில் இருந்தது. நிலத்தில் பெரும்பகுதி ஆங்கிலேய வம்சத்து நிலப்பிரபுக்கள் கையில். அவர்களில் பலர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு குத்தகையை மட்டும் வாங்கித் தின்றார்கள். 1699-ல் வந்த ஒரு சட்டத்தால் அயர்லாந்தின் கம்பளித் துணியை வெளிநாடுகளுக்கு விற்க முடியாமல் போயிற்று. டப்ளின் நகர நெசவாளிகள் வயிற்றில் மண் விழுந்தது. அந்த ஊரில் பாதிரியாராக இருந்தவர்தான் ஜோனதன் ஸ்விப்ட்.

1722-ல் அயர்லாந்துக்குச் செப்புக் காசு அடிக்கும் உரிமையை வில்லியம் உட் என்ற இங்கிலாந்து இரும்பு முதலாளி பெற்றார். அரசரின் ஆசைநாயகிக்கு 10,000 பவுன் கொடுத்து வாங்கிய உரிமை அது. ஒரு லட்சம் பவுனுக்கு மேற்பட்ட காசை நாட்டின் தலையில் கட்டத் திட்டம். 1724-ல் ஸ்விப்ட் ஒரு ஜவுளிக் கடைக்காரர் எழுதுவது போலப் பிரசுரங்கள் எழுதினார். இந்தக் காசு வந்தால், ஒரு கனவான் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்கு வருவதற்கே ஐந்தாறு குதிரைகள் மேல் காசு மூட்டைகளை ஏற்றி வரவேண்டியிருக்கும் என்று நையாண்டி செய்தார். ஊரே சிரித்தது, சிரித்ததோடு நிற்கவில்லை. வியாபாரிகளும் கைத்தொழிலாளிகளும் அந்தக் காசைத் தொடமாட்டோம் என்றார்கள்.

சர்க்கார் சும்மா இருக்குமா? எழுதியவரைக் காட்டிக் கொடுத்தால் 300 பவுன் பரிசு என்று பறை சாற்றியது. அச்சிட்டவரைச் சிறையில் தள்ளியது. எழுதியவர் யார் என்பது டப்ளினில் பலருக்கும் தெரியும். 300 பவுன் என்பது அன்று ஏழைக்குக் கனவில்கூட வராத பணம். ஆனாலும் ஒருவர்கூடக் காட்டிக் கொடுக்கவில்லை! வழக்கை ஏற்க ஜூரிகளும் மறுத்தார்கள். 1725-ல் உட்டின் உரிமை வாபஸ் ஆயிற்று. கேலிக்குப் பின்னால் ஜனங்கள் நின்றார்கள், ஜெயித்தார்கள்.

அடுத்தது 1729. விளைச்சல் பொய்த்து, தாய்மார்கள் குழந்தைகளோடு தெருவில் பிச்சை எடுத்த காலம். ஸ்விப்ட் மறுபடியும் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அதில் பேசுகிறவர் நல்ல மனிதர் போல, நாட்டு நலம் நாடுகிறவர் போல, நிதானமாகக் கணக்குப் போடுகிறார். வருஷத்துக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள் பிறக்கின்றன. 20,000 பேரை இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, மீதி ஒரு லட்சம் பேரை ஒரு வயதானதும் பணக்காரர் சாப்பாட்டு மேஜைக்கு விற்கலாம்! குழந்தை ஒன்றுக்கு விலை 10 ஷில்லிங். வளர்த்த செலவு 2 ஷில்லிங். தாய்க்கு லாபம் 8 ஷில்லிங். தோலில் கையுறை தைத்துக்கொள்ளலாம்.

படிக்கும்போதே உடம்பு நடுங்குகிறது அல்லவா? நடுங்க வேண்டும் என்றுதான் எழுதினார். மனிதர்களை வெறும் எண்ணாக்கி லாப நஷ்டம் பார்த்த கனவான்களின் கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். அதே பாஷையில், அதே மரியாதையோடு, அதன் கடைசி வரிவரை போட்டுக் காட்டினார். 'நாங்கள் குழந்தைகளைத் தின்பவர்களா?' என்று அவர்கள் பதறலாம். குத்தகை என்ற பெயரில் தாய் தகப்பனைத் தின்றபோது பதறவில்லையே!

இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. வெளியூரில் உட்கார்ந்து தின்னும் நிலப்பிரபுவுக்கு வரி, உள்நாட்டுத் துணியையே உடுத்துவது, குடியானவனிடம் கொஞ்சம் இரக்கம் என்று உண்மையான பரிகாரங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி, 'இவற்றைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம்' என்று தள்ளிவிடுகிறார். செய்ய வேண்டியது என்ன என்பது கேலிக்குள்ளேயே இருக்கிறது.

பலன் என்ன? பிரசுரம் புகழ் பெற்றது. குத்தகை குறையவில்லை. ஏனென்றால் இந்தத் தடவை கேலிக்குப் பின்னால் திரண்டு நின்ற கை இல்லை. 1845 முதல் உருளைக்கிழங்கு அழுகி வந்த பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அந்த வருஷங்களிலும் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடையும் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போயின. ஸ்விப்ட் கற்பனையாக எழுதியதை நிலப்பிரபுத்துவம் நிஜமாக நடத்திக் காட்டியது.

விடிவு எப்போது தொடங்கியது? 1879-ல் குடியானவர்கள் நிலச் சங்கம் கண்டபோது. அதை நிறுவியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் டேவிட். குடிசையிலிருந்து வெளியேற்றப்பட்ட குடியானவக் குடும்பத்துப் பிள்ளை. பிழைக்கப் போன லங்காஷயரில் 11 வயதில் பஞ்சாலை மிஷினில் சிக்கி வலது கையை இழந்தவர். நம் மில் தோழர்கள் இந்தப் பெயரை மறக்கக்கூடாது.

1880-ல் மேயோ ஜில்லாவில் பாய்காட் என்ற ஜமீன் ஏஜண்டு குடியானவர்களை வெளியேற்ற முனைந்தார். ஊர் அவரை அடிக்கவில்லை, ஒதுக்கியது. வயலில் இறங்க ஆளில்லை, துணி வெளுக்க ஆளில்லை, கடையில் சாமான் இல்லை. நம் கிராமங்களில் ஊர்விலக்கு என்பது மேலே இருப்பவன் கீழே இருப்பவன் மேல் வீசும் கத்தி. அங்கே கீழே இருந்தவர்கள் அதை மேல்நோக்கித் திருப்பினார்கள். வெளியூரிலிருந்து சுமார் 50 ஆட்களைக் கொண்டுவந்து, சுமார் ஆயிரம் பேர் கொண்ட பட்டாளத்தைக் காவல் போட்டு அறுவடை நடந்தது. விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுன். காவல் செலவு சுமார் 10,000 பவுன் என்று அன்று கணக்குச் சொன்னார்கள். இதைவிட நல்ல நையாண்டியை ஸ்விப்ட்டால்கூட எழுதியிருக்க முடியுமா? பாய்காட் ஊரை விட்டே போனார். அவர் பெயர் மட்டும் 'பகிஷ்காரம்' என்ற பொருளில் உலகம் முழுவதும் தங்கிவிட்டது. 1881-ல் நியாயக் குத்தகைக்குச் சட்டம் வந்தது. 1903-ல் குடியானவர்கள் நிலத்தை விலைக்கு வாங்க வழி பிறந்தது.

ஆகவே தோழர்களே, கேலி கண்ணைத் திறக்கும். கதவைத் திறப்பது சங்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேலி யாரைக் குறி வைக்கிறது என்று பாருங்கள். அதே ஸ்விப்ட் 1737-ல், டப்ளின் பிச்சைக்காரர்களுக்கு வில்லை மாட்ட வேண்டும், வெளியூர்ப் பிச்சைக்காரர்களை விரட்ட வேண்டும் என்று கடுமையாக எழுதினார். கூர்மையான கத்தியும் தவறான பக்கம் திரும்பும் என்பதற்கு இது சாட்சி. இதோடு, நம் புதுமைப்பித்தன் 1934-ல் எழுதிய 'பொன்னகரம்' கதையை வைத்துப் பாருங்கள். தலைப்பே கிண்டல். அதில் வரும் அம்மாளு ஒரு மில் தொழிலாளி. அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்க இருட்டுச் சந்துக்குள் போகிறாள். கதை அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கற்பைப் பற்றி மேடையில் முழங்கிவிட்டு அவள் பசியைப் பார்க்காத பெரிய மனிதர்களைப் பார்த்துக் காறித் துப்புகிறது.

குடிசைக்காரனின் பேச்சை, சாதியை, கிழிந்த துணியைக் காட்டிச் சிரிக்க வைக்கிறவன் முதலாளியின் கணக்குப்பிள்ளை. அந்தச் சிரிப்பில் நாம் சேரக்கூடாது. நம் சங்கக் கூட்டங்களில், தெரு நாடகங்களில், வயல் பாட்டில் எழும் கேலி மேல்நோக்கிப் பாயட்டும்! சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சிரித்துக்கொண்டே சங்கத்துக்கு வாருங்கள்!