கார் வாங்கும்போது விலை பேசுவதும் ஓர் அமானிதமே

 

நம் சமுதாயத்தில் விலையுயர்ந்த கார் வாங்கும் குடும்பங்கள் இன்று கூடியிருக்கின்றன. வணிகம், தொழில், வெளிநாட்டுச் சம்பாத்தியம் எனப் பல வழிகளில் அல்லாஹ் செல்வத்தைக் கொடுத்திருக்கிறான். ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் முன்பு மெர்சிடிஸும் பி.எம்.டபிள்யூவும் நிற்பது பல ஊர்களில் பழகிய காட்சியாகிவிட்டது. இத்தகைய கார் வாங்கலாமா என்று நம்மிடம் கேட்பவர்கள் பலர். அதை எப்படி விலை பேசி வாங்குவது என்று கேட்பவர்கள் மிகச் சிலர். ஆனால் ஹலாலும் ஹராமும் பிரியும் இடம் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

முதல் கேள்விக்கு விடை நீளமானதன்று. வசதியுள்ளவர் தம் வசதிக்குள் நல்ல வாகனம் வைத்துக்கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. சொந்த உபயோகத்துக்கான வாகனத்துக்கு ஸகாத்தும் இல்லை. ஆனால் வீண்விரயமும் பெருமையும் தடுக்கப்பட்டவை. பக்கத்து வீட்டாரின் கண்ணுக்காக வாங்கப்படும் கார் எந்த விலையிலும் மலிவானதன்று. இதை அவரவர் மனசாட்சியே அறியும்.

பேரம் பேசுவது இழிவன்று

சாலையோரத்துக் கீரைக்காரியிடம் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடும் நம்மவர், குளிரூட்டிய ஷோரூமில் காபியை நீட்டியவுடன் வாயடைத்துப் போகின்றனர். விலை கேட்டால் நம்மை இல்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் அங்கே வந்துவிடுகிறது. இது தலைகீழான நடத்தை. ஏழையிடம் விட்டுக்கொடுப்பதும் பெருவணிகரிடம் கணக்குக் கேட்பதுமே முறை.

நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகத்தை விலை பேசினார்கள். ஒரு திர்ஹத்தில் தொடங்கி, ஜாபிர் மறுக்க மறுக்கப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே சென்றதாகச் சில அறிவிப்புகள் கூறுகின்றன. மதீனா வரை அதிலேயே சவாரி செய்துகொள்வேன் என்று ஜாபிர் விதித்த நிபந்தனையையும் ஏற்றுக்கொண்டார்கள். ஊர் வந்ததும் பேசிய விலையை எடைபோட்டுக் கொடுக்குமாறும், சற்றுக் கூடுதலாகவே கொடுக்குமாறும் பிலால் (ரலி) அவர்களிடம் கூறினார்கள். பின்னர் ஒட்டகத்தையும் ஜாபிரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்க ஒரு தீனார் கொடுத்தனுப்பியபோது, அவர் அதைக் கொண்டு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டோடும் தீனாரோடும் திரும்பினார். அவருடைய வணிகத்தில் பரக்கத் உண்டாக நபியவர்கள் துஆச் செய்தார்கள். சாமர்த்தியமாக வாங்குவதும் விற்பதும் பாராட்டுக்குரிய திறமையே என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எந்த விலையைப் பேசுவது?

எக்ஸ் ஷோரூம் விலை வேறு, கார் வீட்டுக்கு வந்து சேரும் விலை வேறு. 60 லட்ச ரூபாய் காரை எடுத்துக்கொள்வோம். பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அது இந்த 60 லட்சத்துக்குள் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 20 சதவீதம். ஆகவே ஏறத்தாழ 12 லட்சம் அதற்கே போய்விடும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 சதவீதம், அதாவது 60 ஆயிரம், வருமான வரிக்கு முன்கூட்டியே வசூலிக்கப்படும். இது நமக்கு உரிய பணம். கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். பலர் இதை மறந்தே விடுகின்றனர்.

அரசின் வரியில் பேரம் இல்லை. பேச வேண்டியவை வேறு: ஷோரூம் தரும் தள்ளுபடி, காப்பீட்டுத் தவணை, கூடுதல் உபகரணங்கள், நீட்டிக்கப்பட்ட வாரண்டி, கையாளும் கட்டணம் என்ற பெயரில் நுழையும் தொகை, பழைய காரின் மதிப்பு. காப்பீட்டை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்பதில்லை. நமக்கு விருப்பமான நிறுவனத்தில் எடுக்க உரிமை உண்டு. பழைய காரில் விபத்துக் கோரிக்கை இல்லாமல் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் காருக்குரியதன்று, உரிமையாளருக்குரியது. அதைப் புதிய காரின் காப்பீட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். பணம் கட்டும் முன் சேசிஸ் எண்ணைக் கேட்டு, கார் எந்த ஆண்டு, எந்த மாதம் தயாரானது என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது. சென்ற ஆண்டுத் தயாரிப்பைப் புத்தாண்டில் வாங்குவோர் அதற்கேற்ற தள்ளுபடியைக் கேட்பதில் தவறில்லை.

இவை அனைத்தையும் ஒரே தாளில், வரிசையாக, எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். விலையும் பொருளும் தெளிவாகத் தெரியாத கொடுக்கல் வாங்கலை நம் ஃபிக்ஹ் நூல்கள் 'கரர்' என்று சொல்லித் தடுக்கின்றன. முன்பணத்தையும் இத்துடன் சேர்த்துப் பேச வேண்டும். வாங்காவிட்டால் முன்பணம் விற்பவருக்கே சேரும் என்ற நிபந்தனையை ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் ஏற்பதில்லை. ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. கருத்து வேறுபாட்டுக்குள் போகாமலிருக்க எளிய வழி, முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிவிடுவது.

"மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?"

ஷோரூமில் நம்மை வளைக்கும் கேள்வி இதுதான். இதற்கு விடை சொன்ன கணமே காரின் விலை பேச்சிலிருந்து மறைந்துவிடுகிறது. 50 லட்சம் கடன், ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 5 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 1,03,800 ரூபாய். அது பாரமாக இருக்கிறதென்றால் 7 ஆண்டுகளாக்கி 80,500 ரூபாயாகக் குறைத்துக் காட்டுவார்கள். முதலாவதில் வட்டி மட்டும் 12 லட்சத்துக்கு மேல்; இரண்டாவதில் 17 லட்சத்துக்கு மேல். குறைத்தது போலத் தோன்றிய இடத்தில் 5 லட்சம் கூடியிருக்கிறது.

கணக்கில் இழப்பு என்பதைவிடப் பெரிய விஷயம், அது வட்டி என்பது. வீடில்லாதவர், மருத்துவத்துக்கு வழியில்லாதவர் நிர்ப்பந்தம் பற்றிப் பேசலாம். ஆடம்பரக் காருக்கு நிர்ப்பந்தம் ஏது? 60 லட்சத்துக்குக் கையில் பணம் இல்லையென்றால், 15 லட்ச ரூபாய்க் காரும் அதே சாலையில்தான் ஓடுகிறது.

தவணையில் வாங்குவது முழுவதும் ஹராம் என்று நாம் சொல்லவில்லை. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்குச் சற்றுக் கூடுதல் விலை என்று விற்பவரே கூறி, இரண்டில் ஒன்றை முடிவு செய்து, பிறகு எக்காரணத்தாலும் அது கூடாது என்றால் பெரும்பான்மை அறிஞர்கள் அதை அனுமதிக்கின்றனர். "வட்டியில்லாத் தவணை" என்ற விளம்பரத்தை இந்த அளவுகோலால் பார்க்க வேண்டும். உடன்படிக்கை விற்பவரோடா, கடன் தரும் நிறுவனத்தோடா? தாமதித்தால் தொகை ஏறுமா? ஏறுமென்றால் பெயர் என்னவாக இருந்தாலும் அது வட்டிதான்.

குத்தகை என்ற வாசல்

இப்போது பல நிறுவனங்கள் கார்களைக் குத்தகைக்குத் தருகின்றன. ஊழியரின் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் முறையும் உண்டு. இஸ்லாமியச் சட்டத்தில் 'இஜாரா' என்பது தூய்மையான உடன்படிக்கை. ஆனால் அதற்கு உயிரான நிபந்தனை ஒன்று உண்டு. கார் யாருடைய உடைமையோ, உடைமையின் இடரும் அவருடையதே. குத்தகைதாரரின் குற்றமின்றிக் கார் அழிந்துவிட்டால் வாடகை அத்துடன் நிற்க வேண்டும். கார் அழிந்த பின்பும் மீதமுள்ள மாதங்களின் தொகையைக் கட்டு என்று எழுதியிருந்தால், அது வாடகையின் சட்டையை அணிந்த கடன்.

எனவே கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேட்டறிக: ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் வரை ஓட்டலாம்? மீறினால் என்ன தொகை? இடையில் முடித்துக்கொள்ள எவ்வளவு? தேய்மானத்தை யார், எப்படி மதிப்பிடுவார்? காலக்கெடு முடிந்தபின் காரை வாங்கியே ஆக வேண்டுமா, அது நம் விருப்பமா? இந்தியாவில் இஸ்லாமிய வங்கி முறைக்கு அனுமதி இல்லாததால் இத்தகைய உடன்படிக்கையை வரிவரியாகப் படிக்க வேண்டியது நம் பொறுப்பாகிறது. இலங்கையிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் வாழும் நம்மவர்க்கு இஜாரா வழங்கும் நிறுவனங்கள் உண்டு. அவர்களும் பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்திட வேண்டாம்.

பேரத்தில் பொய்

"அந்த ஷோரூமில் 3 லட்சம் குறைத்துத் தருகிறார்கள்" என்று இல்லாத விலையைச் சொல்வதைப் பலர் தந்திரம் என்கின்றனர். அது பொய். உண்மையில் பல இடங்களில் விலை கேட்டு, கிடைத்த தாளைக் காட்டிப் பேசுவதில் குற்றமில்லை. ஆனால் விலை முடிந்த ஒரு வியாபாரத்துக்குள் மற்றொருவர் குறுக்கே புகுவதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆகவே விசாரிப்பதெல்லாம் முடிவுக்கு முன்பு இருக்கட்டும். கைகொடுத்த பின் சொல் மாறக் கூடாது. பழைய காரை மாற்றிக் கொடுக்கும்போது அதன் விபத்தையும் பழுதையும் மறைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

இதனினும் பெரிய பொய் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் வசித்துக்கொண்டு, சாலை வரியை மிச்சப்படுத்தப் புதுச்சேரியில் ஒரு முகவரியைக் காட்டிப் பதிவு செய்வது. வசிக்கும் இடம் அல்லது தொழில் நடத்தும் இடம், எங்கே கார் வழக்கமாக நிறுத்தப்படுகிறதோ அங்கே பதிவு செய்ய வேண்டும் என்பதே மோட்டார் வாகனச் சட்டம். 2017இல் கேரளத்தில் திரைத்துறையினர் சிலர் இதற்காக வழக்கைச் சந்தித்ததை நாடே பார்த்தது. பில்லில் விலையைக் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகக் கொடுப்பதும் இவ்வாறே. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைச் சட்டமும் தடுக்கிறது. நமது சொத்து ஹலால், ஆனால் அதன் பதிவுச் சான்றிதழ் பொய் என்றால், அந்தக் காரில் ஏறிப் பள்ளிவாசலுக்குச் செல்வதில் என்ன மனநிறைவு?

நிறைவாக ஒன்று. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவருடைய ஆள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்கு முடித்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர், உரிமையாளரிடம், இது அதைவிட மதிப்புடையது என்று கூறி, தாமாகவே விலையை ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தார். ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் செய்த பைஅத்தையே அதற்குக் காரணமாகக் கூறினார். நாம் யாவரும் ஜரீராக முடியாது. பெரிய நிறுவனத்திடம் நம் உரிமையைக் கணக்குப் பார்த்துக் கேட்போம். ஆனால் அவசரத்துக்குத் தம் காரை விற்கும் எளியவர் ஒருவர் நம் முன் நிற்கும்போது, அவருடைய இக்கட்டைப் பயன்படுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கலாகாது. ஷோரூமில் நம்மோடு பேசும் இளைஞரும் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவரே. விலையில் உறுதி இருக்கட்டும். சொல்லில் மென்மை இருக்கட்டும்.

கார் வாங்கவிருக்கும் குடும்பத்தார் ஷோரூமுக்குப் புறப்படும் முன் வீட்டில் அமர்ந்து மூன்று முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: நம் கையிலுள்ள தொகை இவ்வளவு, வட்டிக்குக் கையெழுத்து இல்லை, பொய் இல்லை. பிள்ளைகளையும் அந்தப் பேச்சில் அமர்த்துங்கள். மதரஸாவில் நாம் நடத்தும் கொடுக்கல் வாங்கல் பாடத்தை அவர்கள் வீட்டில்தான் நேரில் காண்கிறார்கள்.

நம் சம்பாத்தியத்திலும் செலவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.