பின்னால் வந்தவர் மட்டுமே பொறுப்பா?

முன்னால் சென்ற காரின் பின்புறத்தில் இன்னொரு கார் மோதிய மறுநொடியே கூட்டம் தீர்ப்பு சொல்லிவிடுகிறது: ‘இடிச்சவன் மேலதான் தப்பு.’ முதல் தகவல் அறிக்கையும் பல நேரங்களில் அதையே எழுதி முடித்துவிடுகிறது. இழப்பீடு கேட்பவர் பிறகு அந்த ஒரு வரியோடு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருக்கிறது.

அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. முன்னால் செல்லும் வாகனம் திடீரென நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும் என்றது, 2017 வரை அமலில் இருந்த 1989-ஆம் ஆண்டு சாலை விதிமுறைகளின் 23-ஆவது விதி. லாரிக்குப் பின்னால் 10-15 அடி இடைவெளியில் வந்து மோதிய கார் பற்றிய வழக்கில், 2018-இல் உச்ச நீதிமன்றம் இந்த விதியைத்தான் சுட்டிக்காட்டியது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 15 அடியைக் கடக்க மூன்றில் ஒரு விநாடிகூட ஆகாது. அதற்குள் கால் பிரேக்கைத் தொட்டிருக்காது. ஒட்டிக்கொண்டு ஓட்டுபவருக்குச் சலுகை வேண்டும் என்று நாம் கேட்கவில்லை.

ஆனால், அதற்கு அடுத்த விதியும் இருந்தது: பாதுகாப்புக்கு அவசியமாக இருந்தாலொழிய திடீர் பிரேக் போடக்கூடாது. 2017 ஜனவரியில் கோவை நெடுஞ்சாலையில் சட்டென்று நின்ற கார்மீது ஒரு பொறியியல் மாணவரின் மோட்டார் சைக்கிள் மோதியது. கீழே விழுந்தவர்மீது பின்னால் வந்த பேருந்து ஏறியது; இடது காலை இழந்தார். கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவதுபோல் இருந்ததால் நிறுத்தியதாக காரை ஓட்டியவர் சொன்னார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவரை விடுவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்மீது 40 சதவீதப் பொறுப்பை வைத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை 50 ஆக்கி, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 என்று பிரித்தது. முன்னால் நின்றவரின் பொறுப்பு பூஜ்ஜியத்திலிருந்து பாதிக்கு வர எட்டரை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

நிறுத்தி வைத்த வாகனங்களின் கதையும் இதுதான். பழுதான லாரிக்குப் பின்னால் ஒரு மரக்கிளையும் நாலு கற்களும் வைத்துவிட்டால் எச்சரிக்கை முடிந்தது என்று நினைக்கிறோம். இரவில் விளக்கின்றி நடுச்சாலையில் நின்ற டேங்கர்மீது கார் மோதிய வழக்கில் உயர் நீதிமன்றம் பழியைச் சரிபாதியாகப் பிரித்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் முழுப் பொறுப்பும் டேங்கருடையதே என்றது.

இந்தச் சதவீதங்கள் வெறும் கணக்கல்ல. காயம்பட்டவர்மீது 20 சதவீதம் தவறு என்றால், பத்து லட்ச ரூபாய் இழப்பீட்டில் இரண்டு லட்சம் போய்விடும். ஆகவேதான் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பின்னால் வந்தவர்’ என்ற வாதத்தை விடுவதில்லை.

2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போக வேண்டும் என்பது விதி. நாம் கேட்பது இதுதான்: அந்த அறிக்கையில் பிரேக் தடம், முன்வாகனத்தின் பின்விளக்கு எரிந்ததா, சிக்னல் காட்டினாரா, எதற்காக நிறுத்தினார் ஆகியவை கட்டாயம் இடம்பெற வேண்டும். வாகனங்களை அப்புறப்படுத்துவதற்கு முன்பே படம் எடுக்கப்பட வேண்டும். அருகிலுள்ள கேமரா பதிவுகளை உடனே கைப்பற்ற வேண்டும்.

பின்னால் வந்த வாகனம் எது என்பதைக் கூட்டமே சொல்லிவிடும். முன்னால் போனது ஏன் நின்றது என்பதையும் விசாரித்து எழுதுவதுதான் காவல்துறையின் கடமை.