கேபிள் டிவியில் நம்ம ஊர் எங்கே?

மாசப் பணம் வாங்க வந்த கேபிள்காரத் தம்பியிடம், "ஏம்பா, நம்ம லோக்கல் சேனல்ல ஊர்ச் செய்தியே வர்றதில்லையே?" என்று கேட்டேன். "சேனல் இப்ப என் கையில இல்லண்ணா, மேல நெட்வொர்க்லதான் கேட்கணும்" என்றார்.

சிட்டியில் இருக்கிற உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம்.

தொண்ணூறுகளில் இவர் அப்பா மாடியில் டிஷ் வைத்து, தென்னை மரத்துக்குத் தென்னை மரம் வயர் இழுத்தார். 1993-ல் வந்த சன் டிவியோடு, ஒரு டெக்கை வைத்து அவரே ஒரு சேனலும் ஓட்டினார். தை மகத்தில் திருமழிசை ஆழ்வார் புறப்பாடு, காணாமல் போன கறவை மாடு, நாளைக்கு கரண்ட் கட், எல்லாம் அதில் வரும். படம் புள்ளி புள்ளியாத்தான் தெரியும். ஆனா ஊரே பார்க்கும்.

அப்புறம் சின்ன ஆபரேட்டர்கள் எஸ்சிவி, ஹாத்வே என்று பெரிய நெட்வொர்க்குகளில் சேர்ந்தார்கள். 2011-ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது. அதில் எனக்கு சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு, எந்தச் சேனல் எந்த நம்பரில் என்பது எங்கேயோ ஒரு கண்ட்ரோல் ரூமில் முடிவாகிறது. நம்ம ஆபரேட்டருக்கு வயர் ஒட்டுறதும் வசூல் பண்றதும்தான் மிச்சம். 2022 நவம்பரில் மத்திய அரசு போட்ட விதிப்படி, லோக்கல் சேனலில் செய்தி போட நெட்வொர்க் கம்பெனியாகப் பதிவாகியிருக்கணும். கண்டதையும் பரப்பக்கூடாது என்பது நியாயம்தான். ஆனா செம்பரம்பாக்கம் ஏரி எத்தனை அடி என்று சொல்றதுக்கு கம்பெனி எதுக்கு?

2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். எல்லா சேனலிலும் சென்னை மிதக்குது. குன்றத்தூர் பக்கம் என் அக்கா வீட்டுத் தெருவில் தண்ணி ஏறிச்சா இல்லையான்னு எதிலுமே தெரியல. ராத்திரி பூரா போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்.

2020 மே மாசம் கோயம்பேடு மார்க்கெட்டே எங்க ஊருக்கு வந்தது. தினமும் டிவியில் திருமழிசை பேர். எல்லாம் சென்னைக்கு எத்தனை லாரி காய் வந்தது என்கிற கணக்கு. பக்கத்து வயலில் கீரை போட்டவன் எத்தனை மணிக்குள்ள உள்ளே போகணும்னு யாரும் சொல்லல. வாட்ஸ்அப்பில் வந்ததில் பாதி பொய். மழை வேற, சேறு முழங்கால் அளவு.

அரசு கேபிளாவது தாலுகாவுக்கு ஒரு சேனல் ஒதுக்கலாம். ஏரி மட்டம், காய் விலை, கரண்ட் கட், தடுப்பூசி முகாம், இவ்வளவு போதும். படம், பாட்டெல்லாம் வேண்டாம், அதுக்கு நூறு சேனல் இருக்கு.

வர்ற தை மகத்தையாவது காட்டுவாங்களான்னு தம்பியைக் கேட்டேன். "கேட்டுப் பார்க்கிறேன், இல்லன்னா போன்ல எடுத்து உங்களுக்கு அனுப்புறேண்ணா" என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.