ஏணி வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள்

நவராத்திரியோ, தீபாவளியோ, பொங்கலோ, எந்தப் பண்டிகை வந்தாலும் நம் வீடுகளில் முதல் வேலை ஒட்டடை அடிப்பதுதான். கூடவே பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்க வேண்டும், பித்தளை அண்டாவை எடுக்க வேண்டும், மின்விசிறியைத் துடைக்க வேண்டும். இதற்கெல்லாம் நாம் எதன் மேல் ஏறி நிற்கிறோம்? கட்டில் மேல் முக்காலி. முக்காலி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் நாற்காலி. "ஒரு நிமிஷ வேலைதானே" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிடுகிறோம். என் நாத்தனார் அப்படி ஏறிய ஒரு நிமிஷத்துக்கு ஆறு வாரம் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஏணி ஞானம் வந்துவிட்டது. என் கணவர் மட்டும், "வருஷத்துக்கு நாலு தடவை ஏறுவதற்கு இவ்வளவு செலவா?" என்றார். "எலும்பு ஒரு தடவை உடைஞ்சா போதுங்க, அந்தச் செலவில் நாலு ஏணி வாங்கலாம்" என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை.

இப்போது கடைகளில் டெலஸ்கோப்பிக் ஏணி என்று ஒன்று விற்கிறார்கள். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஏரியலை இழுத்து நீட்டுவோமே, அதே மாதிரிதான். அலுமினியக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்கும். மடக்கினால் இரண்டரை மூன்று அடிதான். கதவுக்குப் பின்னால் நிறுத்திவிடலாம். நீட்டினால் 10 அடி, 12 அடி என்று வளரும். இடமில்லாத அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்குப் பார்த்தவுடன் ஆசை வரும்.

ஆனால் சகோதரிகளே, ஒன்றை மனதில் வையுங்கள். மர ஏணி, மூங்கில் ஏணி எல்லாம் அடி முதல் நுனி வரை ஒரே துண்டு. இதிலோ ஒவ்வொரு படியும் ஒரு மூட்டு. படியின் இரண்டு ஓரத்திலும் ஸ்பிரிங் வைத்த சின்ன ஊசி இருக்கிறது. குழாயை நீட்டியதும் அது துளைக்குள் போய் விழுந்து பூட்டிக்கொள்கிறது. நம் உடம்பின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்த ஊசிகள்தான். ஒரு பக்கத்து ஊசி சரியாக விழாவிட்டாலும் ஏணி சடாரென்று உள்ளே இறங்கிவிடும். ஆகையால் உயரத்தையும் விலையையும் பார்க்கும் முன்னால் பூட்டைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், இந்த ஏணி உங்களுக்குத் தேவைதானா என்று யோசியுங்கள். பரணும் மின்விசிறியும் மட்டும்தான் வேலை என்றால், நாலைந்து படி உள்ள சாதாரண மடக்கு ஏணியே போதும். தானாக நிற்கும், மூட்டும் குறைவு. சாய்த்து வைக்கும் நீளமான ஏணியால் மின்விசிறியைத் துடைக்கவே முடியாது. நடுக்கூடத்தில் அதைச் சாய்க்கச் சுவர் ஏது? டெலஸ்கோப்பிக் ஏணிதான் வேண்டும் என்றால், கூடாரம் மாதிரி இரண்டு பக்கமும் விரித்து நிறுத்துகிற வகையாகப் பாருங்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, வெளிச்சுவர் ஜன்னல் என்று உயர வேலையும் இருந்து, பெரிய ஏணி வைக்க இடமும் இல்லாதவர்களுக்குத்தான் சாய்த்து வைக்கும் வகை உதவும்.

எத்தனை அடி வாங்குவது? இங்கேதான் பலரும் கணக்குத் தப்புகிறார்கள். சாய்த்து வைக்கும் ஏணியில் மேலே உள்ள மூன்று படிகளில் கால் வைக்கக் கூடாது. அவை கையால் பிடித்துக்கொள்வதற்கு. படிக்குப் படி ஏறக்குறைய ஓர் அடி என்றால், 12 அடி ஏணியில் நம் கால் நிற்பது 9 அடி வரைதான். ஏணியிலிருந்து மாடித் தளத்தில் இறங்க வேண்டுமானால், இறங்கும் விளிம்புக்கு மேலே இன்னும் 3 அடி ஏணி நீண்டிருக்க வேண்டும். பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா? ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டில் டேப் வைத்து அளந்து, குறித்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது பாரம். எத்தனை கிலோ தாங்கும் என்று ஏணியிலேயே ஒட்டியிருப்பார்கள். அது நம் எடை மட்டுமல்ல, கையில் உள்ள சாமானும் சேர்த்து. 75 கிலோ எடையுள்ளவர் 15 கிலோ பெட்டியை இறக்கினால் ஏணியின் மேல் 90 கிலோ. ஈ.என். 131 என்ற ஐரோப்பியத் தரத்தில் 150 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். அதன் 6ஆம் பகுதிதான் டெலஸ்கோப்பிக் ஏணிகளுக்கு உரியது. 2018ஆம் ஆண்டிலிருந்து அந்தத் தரத்தில், 3 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள சாய்ப்பு ஏணிக்கு அடிப்பாகம் அகலமாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அதனால்தான் நல்ல ஏணிகளின் அடியில் குறுக்கே ஒரு பட்டை பொருத்தியிருக்கும். அது இல்லாத 12 அடி ஏணியை நான் வாங்க மாட்டேன். ஒட்டுத்தாளை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். ஒட்டுத்தாள் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே!

ஆகவே கடையில் கூச்சப்படாமல் ஏணியை முழுக்க நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு பக்கமும் 'டிக்' சத்தம் கேட்க வேண்டும். சில ஏணிகளில் பூட்டு விழுந்ததா இல்லையா என்று நிறத்தால் காட்டும் அடையாளம் உண்டு. சந்தடியில் சத்தம் காதில் விழாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியும் என்பதால் அது மிகவும் நல்லது.

நான் போன முதல் கடையில் ஐந்தாவது படியில் இடது பக்கம் சத்தமே வரவில்லை. "இது பூட்டலையேப்பா" என்றேன். கடைக்காரப் பையன், "புதுசும்மா, பழகப் பழக சரியாயிடும். இதுல யானையே ஏறலாம்" என்று சிரித்தான். "யானை ஏறட்டும், நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். செருப்பு பழகப் பழகச் சரியாகும். பூட்டு அப்படியல்ல; முதல் நாளே விழ வேண்டும். வீட்டுக்கே வரவழைப்பவர்களும் பெட்டியைப் பிரித்ததும் இதே சோதனையைச் செய்து, குறை இருந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இளம் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த ஏணியில் மேலே ஏறும்போது மட்டுமல்ல, மடக்கும்போதும் ஆபத்து உண்டு. பூட்டை விடுவித்ததும் மேல் படி கீழ்ப் படியின் மேல் வந்து விழும். நடுவில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். மடக்கினாலும் படிகளுக்கு நடுவே விரல் போகிற அளவு இடைவெளி விடும்படி செய்த ஏணிகளும், மெதுவாக இறங்குகிற ஏணிகளும் கிடைக்கின்றன. குழந்தை உள்ள வீட்டுக்கு அவைதான் ஏற்றவை. எப்படியானாலும் மடக்கும் நேரத்தில் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். மடக்கியதும் வாரைப் போட்டுக் கட்டி, கொக்கியில் மாட்டி வையுங்கள். பொம்மை மாதிரி இருப்பதால் குழந்தைகள் இழுத்துப் பார்க்கத்தான் செய்யும்.

வாங்கிய பிறகு எப்படி நிறுத்துவது? நாலுக்கு ஒன்று என்பது கணக்கு. ஏணி சுவரில் படும் இடம் 8 அடி உயரம் என்றால், அடிப்பாகம் சுவரிலிருந்து 2 அடி தள்ளி இருக்க வேண்டும். ஏணியின் காலடியில் கட்டைவிரல் படும்படி நேராக நின்று கைகளை நீட்டுங்கள். தோள் உயரத்தில் உள்ள படியை உள்ளங்கை தொட்டால் சாய்வு சரி. அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கக் கூடாது. மொசைக், டைல்ஸ் தரையில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் துடைத்துவிட்டு நிறுத்துங்கள். மிதியடி, நியூஸ் பேப்பர் இவற்றின் மேல் நிறுத்தவே கூடாது.

அலுமினியத்தில் மின்சாரம் பாயும். மின்விசிறி, விளக்கு வேலை என்றால் மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள். மொட்டை மாடியிலோ வாசலிலோ நீட்டும்போது, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி எங்கே போகிறது என்று முதலில் அண்ணாந்து பாருங்கள்.

ஏறும்போது புடவைக் கொசுவத்தை நன்றாக ஏற்றிச் செருகிக்கொள்ளுங்கள். தரையில் புரளும் நைட்டி வேண்டாம். வழுக்கும் ரப்பர் செருப்பும் வேண்டாம். தொப்புள் எப்போதும் ஏணியின் இரண்டு குழாய்களுக்கு நடுவிலேயே இருக்கட்டும். எட்டவில்லை என்றால் எம்பாதீர்கள், இறங்கி ஏணியை நகர்த்துங்கள். கர்ப்பிணிகளும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுத் தலைசுற்றல் உள்ளவர்களும் ஏறவே வேண்டாம். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள். கீழே ஒருவரை நிறுத்தி எடுத்துக் கொடுங்கள். அவரே ஏணியையும் பிடித்துக்கொள்ளட்டும்.

வேலை முடிந்ததும் குழாய்களை உலர்ந்த துணியால் துடையுங்கள். சுண்ணாம்பும் மணலும் உள்ளே போனால் ஊசி சிக்கிக்கொள்ளும். தையல் மிஷினுக்கு விடுவது போல எண்ணெய் விடாதீர்கள். இன்னும் தூசிதான் ஒட்டும். குழாய் ஒரு இடத்தில் நெளிந்தாலும் சரி, ஒரு பூட்டு மக்கர் செய்தாலும் சரி, தட்டி நிமிர்த்தி மறுபடி ஏறலாம் என்று எண்ணாதீர்கள். அந்த ஏணியின் ஆயுள் முடிந்தது.

கடைசியாக ஒன்று. பெரும்பாலான வீடுகளில் ஏணியை வாங்குபவர் ஒருவர், ஏறுபவர் வேறொருவர். பத்துக் கிலோவை ஒட்டிய அந்த ஏணியைத் தூக்கி நிறுத்தப் போவதும், பூட்டை அமுக்கி மடக்கப் போவதும் நம் கைகள்தாம். யார் ஏறப் போகிறாரோ அவரே கடைக்குப் போய்த் தூக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து வாங்கட்டும். "உனக்கென்ன தெரியும்" என்று வீட்டில் கேட்டால், ஏறுகிறவளுக்குத்தான் தெரியும் என்று சொல்லுங்கள்!