பாட்டியின் மாடும் நியூசிலாந்துப் பால்மாவும்

பீடோங் பக்கத்தில் நான் வளர்ந்த தோட்டத்தில், பாட்டியிடம் மூன்று மாடுகள் இருந்தன. விடியுமுன் பால் கறந்து வைத்துவிட்டுத்தான் வெட்டுக்குப் போவார். பால் லயத்து வீடுகளுக்கும் கிராணி வீட்டுக்கும் போகும். சாணி எங்கள் கத்தரி, வெண்டைச் செடிகளுக்கு. மாடுகள் பகலெல்லாம் ரப்பர் மரங்களுக்கிடையே மேய்ந்து திரியும். இன்று கருத்தரங்குகளில் 'உயிரியல் பொருளாதாரம்' என்கிறார்களே, அது அன்று எங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்துகொண்டிருந்தது.

ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது மாடுகளுக்குத் தடை வந்தது. அதில் நியாயம் இருந்தது. இளங்கன்றின் குருத்தை மாடு விட்டுவைக்காது. ஆனால் மரம் வளர்ந்து, மட்டை மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்துக்குப் போன பிறகும் தடை நீங்கவில்லை. பாட்டி மூன்றையும் விற்றார். கடைசி மாடு லாரி ஏறிய அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மாடு போன இடத்தில் புல் மண்டியது. அதை அழிக்க முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்கள் நம் பெண்கள்தாம். என் அத்தையும் அடித்தார். அவருடைய விரல் நகங்களை நான் பார்த்திருக்கிறேன். தோட்டங்களில் வெகுகாலம் புழங்கிய பாராகுவாட் களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரியில்தான் தடை வந்தது.

இப்போது மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமே செம்பனைக்குள் மாடு வளர்க்கச் சொல்கிறது. மின்வேலி போட்டு, ஒரு பகுதியை மேய்த்ததும் அடுத்த பகுதிக்கு மாற்றினால் களைச் செலவு குறைகிறதாம், சாணி உரமாகிறதாம். பாட்டிக்குத் தெரியாதது அந்த மின்வேலி ஒன்றுதான். ஆனால் இத்திட்டங்கள் பெரும்பாலும் இறைச்சி மாட்டுக்கானவை. நம் முன்னோர் கொண்டுவந்த கறவை மாடுகளின் வழிவந்தவை, கால்நடை ஏடுகளில் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்று தனி இனமாகவே பதிவாகியிருக்கின்றன. மாட்டுக்கு ஏட்டில் இடம் கிடைத்துவிட்டது, மேயத்தான் இடமில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. செம்பனைப் பருப்பில் எண்ணெய் பிழிந்த பின் மிஞ்சும் புண்ணாக்கு நல்ல தீவனம். அது கப்பலேறிப் போகும் நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று. அந்நாட்டு மாடுகளின் பால் மாவாகி, டின்னில் அடைபட்டு சுங்கைப் பட்டாணிக் கடைகளுக்கு வருகிறது. நாமும் விலை பார்த்துப் பெருமூச்சு விட்டு வாங்குகிறோம்.

பாடாங் செராய், கூலிம் பக்கம் இன்னும் மாடு வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். நிலம் அவர்களுடையதல்ல. புதிய தாமான் எழும்பும்போதெல்லாம் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு நகர்கிறார்கள். வளர்ந்த செம்பனைக்குள் அவர்களுக்கு ஐந்தாண்டு மேய்ச்சல் குத்தகை கொடுத்தால் தோட்டத்துக்கும் மருந்துச் செலவு மிச்சம். அன்று கேட்காமல் மேய்த்தோம். இன்று கணக்குப் போடவும் மனு எழுதவும் படித்த பிள்ளைகள் அந்த வீடுகளிலேயே இருக்கிறார்கள்.