உளூ நீரும் ஒரு பன்னீர் ரோஜாவும்

 

புதிதாக வீடு கட்டும் நம்மவர் பலர், வாசற்படி முதல் மதில்சுவர் வரை ஓரடி மண்ணையும் விட்டுவைக்காமல் டைல்ஸ் பதித்துவிடுகின்றனர். நானும் அவ்வாறு செய்தவன்தான். உம்மா வளர்த்த பன்னீர் ரோஜாவைப் பிடுங்கிய இடத்தில் என் மோட்டார் சைக்கிள் நின்றது. உம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

“பழமரம் நட்டால் ஸதகா, பூச்செடி வெறும் அலங்காரம்தானே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். இக்கருத்தை நான் ஏற்பதில்லை. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்னும் கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ரோஜாவின் மகரந்தத்தைத் தேடி வரும் தேனீயை மட்டும் அக்கணக்கிலிருந்து விலக்குவானேன்? குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்திற்குப் பெயரே தேனீதான். நறுமணச் செடியை ஒருவர் கொடுத்தால் மறுக்கலாகாது என நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நிக்காஹ் சபைகளில் பன்னீர் தெளித்து வரவேற்கும் சமுதாயத்திற்கு இதை நினைவூட்ட வேண்டியிருப்பதே வியப்பு!

“தண்ணீருக்கு எங்கே போவது?” என்பது அடுத்த கேள்வி. நபியவர்கள் ஒரு ‘முத்து’, அதாவது ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீரில் உளூச் செய்வார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். குழாயைத் திறந்துவிட்டு நாம் செய்யும் உளூவின் நீரோ ஒரு ரோஜாத் தோட்டத்திற்கே போதும். சோப்பு கலவாத அந்நீரைச் சாக்கடைக்கு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. உளூச் செய்யும் குழாயைச் செடியருகே வைத்தால் வேறு ஏற்பாடே வேண்டாம். நீர் தேங்கி வேர் அழுகாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பண்ணைகளில் விற்கும் பெரிய பூ ஒட்டுச்செடிகள் கண்ணைப் பறிக்கும். ஆனால் பலவற்றில் மணமில்லை, பூச்சித் தொல்லையும் மிகுதி. மருந்தடித்தால் தேனீயும் மடியும். பன்னீர் ரோஜாவோ பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை மழைக்காலத்தில் ஊன்றினாலே வேர்பிடிக்கும். நாள்தோறும் ஐந்தாறு மணிநேர வெயில் கிடைத்தால் போதும்.

சென்ற மழைக்காலத்தில் மதிலோரம் நான்கு டைல்ஸ்களைப் பெயர்த்தேன். குச்சிக்கு எங்கும் அலைய நேரவில்லை. முன்னொரு காலத்தில் உம்மாவிடம் குச்சி வாங்கிச் சென்ற பக்கத்து வீட்டில் அதே ரோஜா இன்றும் பூக்கிறது. அவர்கள் வெட்டித் தந்த குச்சிகளை, பிஸ்மி சொல்லி, உம்மாவே தம் கையால் ஊன்றினார்கள்.