ஆபாத்கார்: நிலப்பதிவேட்டில் முன்னோரைத் தேடுவோர்க்கு

பஞ்சாபில் தன் முன்னோரைத் தேடப் புறப்படுபவருக்குப் பிற மாநிலத்தவர் பொறாமை கொள்ளத்தக்க வாய்ப்பு ஒன்று உண்டு. அங்கே கிராமத்தின் நில ஆவணங்களோடு உடைமையாளர்களின் வம்சாவளியும் 'ஷஜ்ரா நசப்' என்னும் பெயரில் சேர்த்தே பேணப்பட்டது. மூதாதை ஒருவரில் தொடங்கிக் கிளை விரிந்து, பட்வாரி எழுதிய நாளில் நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்வரை அது இறங்கி வரும். ஹரித்துவாரத்துப் பண்டாக்களின் 'வஹி' ஏடுகள் இதற்குத் துணை. அஸ்தி கரைக்க வந்தவர்கள் சொன்ன பெயர்களை ஊர்வாரியாகவும் சாதிவாரியாகவும் பதிந்துவைத்த ஏடுகள் அவை. இரண்டையும் ஒத்துப் பார்ப்பவருக்கு 'எங்கள் குலத்தின் முதல்வர் இவர்' என்று சொல்ல ஒரு பெயர் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. அந்தப் பெயரோடு தேடலை முடித்துக்கொள்வதுதான் குறை.

ஷஜ்ரா நசப் குலப்பெருமைக்காக எழுதப்பட்டதன்று. வரியை யாரிடம் வசூலிப்பது, ஊர்ப்பொதுவில் எவருக்கு எத்தனை பங்கு, ஒருவர் வாரிசின்றி இறந்தால் நிலம் எந்தக் கிளைக்குப் போகும் என்பவற்றுக்கு விடைகாண எழுதப்பட்டது. ஆகவே நிலமற்றவருக்கு அதில் மூதாதையும் இல்லை. வழக்காற்றுச் சட்டப்படி மகள்களுக்குப் பங்கில்லை. பொதுவாக அவர்கள் பெயரும் இல்லை. மகனின்றிக் கணவன் இறந்து, ஆயுட்கால உரிமை பெற்ற பெண் மட்டும் ஜமாபந்தியில் தலைகாட்டுவாள். அதுவும் 'முசம்மாத்' என்ற முன்னொட்டோடும், 'இன்னார் பேவா', அதாவது இன்னாரின் கைம்பெண், என்ற குறிப்போடும். ஆண்பிள்ளை பெற்றவள் ஆவணத்தில் சுவடின்றி மறைந்தாள். பெறாதவளின் பெயர் நிலைத்தது. குடும்பக் கதைகளில் இதன் தலைகீழ்தான் நடந்திருக்கும்.

கால்வாய்க் குடியேற்றங்களின் முன்னோடிகளைத் தேடுவது இதனினும் சிக்கலானது. 1890களில் செனாப் ஆற்றின் புதிய கால்வாயை நம்பி, ஜலந்தர், ஹோஷியார்பூர், அமிர்தசரஸ் முதலிய மாவட்டங்களின் உழவர் குடும்பங்கள் மேற்கே லயால்பூர்ப் பகுதிக்கு, அதாவது இன்று பாகிஸ்தானில் உள்ள பைசலாபாத் பக்கத்துக்கு, குடிபெயர்ந்தன. நிலம் சதுரம் சதுரமாக அளக்கப்பட்டது. புதிய ஊர்கள் 'சக்' எண்களால் அறியப்பட்டன. குடியேறியவருக்கு வழங்கிய பெயர் 'ஆபாத்கார்'. மக்கள் வாழ்வதும் பயிர் விளைவதுமான நிலையைக் குறிக்கும் பாரசீகச் சொல் 'ஆபாத்'. அந்நிலையை உண்டாக்குபவர் ஆபாத்கார்.

அதற்கு முன் அந்த நிலம் பாழாகக் கிடந்தது என்னும் வாதம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உண்மையில், 'பார்' எனப்பட்ட அந்த மேட்டுநிலத்தில் மாடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்ந்தோர் இருந்தனர். அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'ஜாங்லி'. அரசு அவர்களின் மேய்ச்சல் வெளியைத் தரிசு என்றும் தன் உடைமை என்றும் எழுதிக்கொண்டது. உழவரோடு சென்ற கைவினைஞரும் கூலியாட்களும் ஆபாத்கார் ஆகவில்லை. 1900ஆம் ஆண்டின் நில உரிமை மாற்றச் சட்டம், வேளாண் குலங்கள் என்று அரசு அறிவித்த பட்டியலில் இல்லாத அவர்கள் பிற்காலத்தில் நிலம் வாங்குவதையும் அரிதாக்கியது. ஆபாத்கார்கூடத் தொடக்கத்தில் பெரும்பாலும் அரசின் குத்தகையாளரே. வாரிசுரிமையைக் கட்டுப்படுத்த முனைந்த குடியேற்ற மசோதாவுக்கு எதிராக 1907இல் எழுந்த உழவர் கிளர்ச்சி இதனால் வந்ததே. 'கொள்ளுப்பாட்டனார் காட்டைத் திருத்திக் கழனியாக்கிய நிலவுடைமையாளர்' என்று எழுதும் கொள்ளுப்பேரர்கள் அந்த ஒரே வாக்கியத்தில் இத்தனை பேரையும் அழித்துவிடுகிறார்கள்.

1947இல் இக்குடும்பங்கள் எல்லை கடந்து திரும்பியபோது, விட்டுவந்த நிலத்துக்கு ஈடு கோரின. கோரிக்கைகளைச் சரிபார்க்க ஜமாபந்திப் படிகள் எல்லையின் இருபுறமும் பரிமாறப்பட்டன. கிழக்கில் நிலம் போதாமையால், பல தர நிலங்களையும் 'நிலையான ஏக்கர்' என்னும் ஒரே அளவுக்கு மாற்றி, பெரிய உடைமைகளில் கூடுதல் விகிதம் வெட்டிப் பகிர்ந்தளித்தனர். உரிமைப்பதிவு ஏதுமற்ற பண்ணையாளுக்கு இக்கணக்கில் இடமில்லை. பதிவேட்டின் மௌனம் இங்கே வெறும் வரலாற்றுக் குறையாக நிற்கவில்லை. யாருக்கு நிலம் கிடைத்தது என்பதையே தீர்மானித்தது.

ஏட்டுக்கு வெளியிலும் வம்சாவளி இருந்தது. அதனை மனப்பாடமாக ஓதிய 'மீராசி'கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். பிரிவினையில் பலர் மேற்கே போயினர். மரபுரிமை என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து வந்தது அவர்கள் பெயர். அதே சொல்தான் தஞ்சைப் பகுதியில் மிராசுதாரை உண்டாக்கியது. ஓரிடத்தில் நிலத்தை வைத்திருப்பவன், இன்னோரிடத்தில் பிறருடைய முன்னோரை நினைவில் வைத்திருப்பவன்!

பழைய ஏடுகள் உருதுவில், பெரும்பாலும் ஷிகஸ்தா என்னும் விரைவெழுத்தில் உள்ளன. குற்றுயிர்கள் எழுதப்படுவதில்லை, புள்ளிகளும் அடிக்கடி விடுபடும். ஒரே வரிவடிவை இரண்டு மூன்று பெயர்களாக வாசிக்க இயலும். குர்முகியில் பெயர்த்தெழுதியவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தார். கணினியில் ஏறியது அந்த ஒன்றே. இந்தியப் பஞ்சாபின் இளம் ஆய்வாளர் பலருக்கு உருது எழுத்து தெரியாது. முதிய பட்வாரிகளையும் மனு எழுதுவோரையும் நம்பியே அவர்களின் ஆய்வேடுகள் உருவாகின்றன. வரலாற்றுத் துறைகளும் மொழியியல் துறைகளும் ஒரு பருவமேனும் ஷிகஸ்தா வாசிப்பைப் பாடமாக வைக்க வேண்டும். அதனைக் கற்பிக்கத்தக்க முதியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.